நீலக்கண் எருமை

கிட்ட வந்து உட்காருங்க, சத்தமாச் சொன்னா அந்த எருமைக்குக் கேட்டுரும்.

சுந்தரிங்கிற எருமை சந்தையில ரெண்டு நீலக் காண்டாக்ட் லென்ஸ் வாங்கி மாட்டிக்கிச்சு. அதோடயே தூங்கும், அதோடயே குளத்துல முங்கும். அது முதுகுல சவாரி போற கொக்கு, "அக்கா, குளத்துல இறங்கும்போதாவது கழட்டுங்க"ன்னு சொல்லிப் பார்த்துச்சு.

"கழட்டினா கறுப்புக் கண்ணுன்னு ஊருக்கே தெரிஞ்சுருமேடா."

மூணாம் நாள் வலது கண்ணு வீங்கிச் சிவந்து தண்ணியாக் கொட்டுச்சு. வெயிலைப் பார்க்க முடியல. எருமை சொல்லிச்சு: "நீலத்துல சிவப்புக் கரை. பட்டுப்புடவை மாதிரி இல்ல?"

"வழி தெரியாம வேலியில முட்டிக்கிட்டு நிக்கிறீங்களே அக்கா! டாக்டர்கிட்ட போகலாம்."

"மாட்டேன்."

கொக்கு ஒத்தக் காலுல நின்னு யோசிச்சுது. "சரி, விடுங்க. நண்டு டாக்டர் வீட்டுல இன்னிக்குக் கண்ணழகுப் போட்டியாம். விளக்கு வெச்சு உத்துப் பார்ப்பாராம்."

எருமை ஓட்டமா ஓடிச்சு. நண்டு, கொக்கை மட்டும் வாசலோட நிக்கச் சொல்லிட்டு, தன் கண்ணை நீட்டிப் பார்த்து, ரெண்டு லென்ஸையும் கொடுக்கால பூப்போல எடுத்துச்சு.

"குளத்துக் கிருமியெல்லாம் இதுக்கடியில குடித்தனம் பண்ணுது. நாளைக்கு வந்திருந்தா பார்வையே போயிருக்கும்"னு சொல்லி, சொட்டு மருந்து கொடுத்துச்சு.

எருமை அதைக் காதுலயே வாங்கல. வெளியே வந்ததும், "யாருக்குடா முதல் பரிசு?"ன்னு கேட்டுச்சு.

கொக்கு அந்த மருந்துப் புட்டியைச் சிவப்பு நாடாவுல கட்டி, எருமையோட கொம்புல மாட்டிவிட்டு, ரெண்டு இறக்கையையும் படபடன்னு தட்டிச்சு.