முப்பத்திநாலு கிலோ

“ஏன்னா, சத்தியமா நான் எதுவும் போடலை. ஒரு பிஸ்கட் கூட இல்லை.”

ஆட்டோவில் வரும்போது சொன்னதையே கால்நடை ஆஸ்பத்திரி பெஞ்சிலும் சொன்னாள் காமாக்ஷி. சொல்லும்போதே கண் கலங்கியது.

“அப்புறம் எப்படிடீ முப்பத்திநாலு கிலோ அப்படியே நிக்கறது?” என்றார் அவள் கணவர் பட்டாபி.

அவர் காலடியில் கிடந்த ஒன்பது வயது லாப்ரடார் ஷேரு, பேச்சு தன்னைப் பற்றித்தான் என்பது தெரியாமல் நிம்மதியாகக் கொட்டாவி விட்டது.

ஜனவரி கடைசிக் குளிரில் ஆரம்பித்த வினை இது. காலையில் எழுந்து நிற்கவே ஷேரு திண்டாடியது. நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடும். படுத்து எழுந்தால் மறுபடி அதே பாடு. டில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் அவர்கள் வீடு இரண்டாவது மாடி. முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டு பட்டாபியை அண்ணாந்து பார்க்கும்.

“மூட்டு தேஞ்சிருக்கு சார். ஆர்த்ரைடிஸ். முழுசா குணமாகாது, ஆனா சமாளிக்கலாம்” என்றாள் டாக்டர் ஹம்சா. மொசைக் தரை வழுக்காமல் ஜமுக்காளம் விரிக்கச் சொன்னாள். ஒரு மணி நேர வாக்கிங்கைக் கால் மணியாகக் குறைத்தாள். தன் தலைவலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்று கேட்ட பட்டாபியை, “மனுஷ மாத்திரை அதுக்கு விஷம் சார்!” என்று ஒரு அதட்டு அதட்டினாள்.

எல்லாவற்றுக்கும் மேல் எடை. மார்ச் முடிவதற்குள் முப்பதுக்குக் கீழே வரவேண்டும். வராவிட்டால் மாடிப்படி ஏறி ஏறி இடுப்பு போய்விடும்; தரைத்தள வீடு உள்ள யாரிடமாவது கொடுத்துவிடுவதுதான் நல்லது என்று சொல்லிவிட்டு, டாக்டர் ட்ரெயினிங் போய்விட்டாள். வாரா வாரம் எடை பார்த்து அட்டையில் எழுதியது கம்பவுண்டர்தான்.

மோதி பாக்கில் தரைத்தளத்தில் இருக்கும் நண்பர் ராஜசேகரன், “தாராளமா கொண்டாந்து விடுங்க” என்று சொல்லியாகிவிட்டது. இன்று மார்ச் முப்பது.

பட்டாபி ஷேருவின் ராத்திரி பரோட்டாவை நிறுத்திப் பார்த்தார். சாதத்தைப் பாதியாக்கினார். எண் அசையவில்லை. பகலில் வீட்டில் இருப்பவள் ஒருத்திதான், ஆகவே பழி நேராகக் காமாக்ஷி தலையில் விழுந்தது. பத்து நாளாக பிஸ்கட் டின்னைத் தன் ஆபீஸ் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போகிறார் மனிதர்.

“போன வாரம் ரெண்டு மாடியும் தானா ஏறித்தே, பார்த்தேளோல்லியோ?”

“பார்த்தேன்.”

“தடவினா விலா எலும்பு தட்டுப்படறதே?”

“தட்டுப்படறது.”

“அப்புறம் என்ன?”

“தராசு பொய் சொல்லாது காமு.”

புள்ளிவிவரத் துறையில் இருபத்தேழு வருஷம் குப்பை கொட்டியவர். கண் ஒன்று சொல்லி எண் வேறொன்று சொன்னால் எண்ணின் பக்கம்தான் நிற்பார். ஆனாலும் இந்த விஷயத்தில் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஷேரு இல்லாத வீட்டுக்குள் எப்படி நுழைவது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

“ஷேரு!” கம்பவுண்டர் கூப்பிட்டார்.

திரும்பி வந்திருந்த டாக்டர் ஹம்சா, ஷேரு உள்ளே நடந்து வருவதைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். மறுபடி ஷேருவைப் பார்த்தாள். “என்ன சார் இது, இவ்வளவு நல்லா நடக்கறான்? எடை மட்டும் இறங்கவே இல்லையே?”

“அதான் எனக்கும் புரியலை” என்றார் பட்டாபி, மனைவியைப் பார்க்காமல்.

“சரி, என் எதிர்ல ஒரு தடவை பார்த்துடலாம்.”

நாய்கள் அந்தத் தராசில் ஒரு நிமிஷம் நிற்காது. எப்பவும் போல் தூக்கிக்கொள்ளச் சொன்னார் கம்பவுண்டர். பட்டாபி ஷேருவைக் கட்டித் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறினார்.

முள் நூற்றிரண்டில் நின்றது. கம்பவுண்டர் யோசிக்காமல் அட்டையில் முப்பத்திநாலு என்று எழுதினார்.

“அதெப்படி முப்பத்திநாலு?” என்று ஹிந்தியில் கேட்டாள் டாக்டர்.

“பாபுஜி எடை அறுபத்தெட்டு, மேடம்” என்று பட்டாபியைக் காட்டினார் கம்பவுண்டர். “அதைக் கழிச்சா முப்பத்திநாலு.”

“பாபுஜியை எப்போ எடை பார்த்தே?”

“முதல் நாள். ஜனவரியில.”

டாக்டர் பட்டாபியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சார், ஷேருவைக் கீழே விட்டுட்டு நீங்க மட்டும் ஏறுங்க.”

ஏறினார். முள் எழுபத்துமூன்றில் போய் நின்றது.

“ஷேரு இருபத்தொன்பதுக்கு வந்தாச்சு சார்” என்றாள் டாக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “அஞ்சு கிலோ ஏறினது நீங்கதான்.”

காமாக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஷேருவோட ராத்திரி பரோட்டா ரெண்டும் வீணாப் போறதேன்னு தினம் இவர்தான் சாப்பிட்டார், டாக்டர்” என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். “ராஜசேகரனுக்கு ஃபோன் பண்ணிடுங்கோ. வரப்போறது ஷேரு இல்லை, நீங்கதான்னு.”