நரம்பு தைக்கும் கட்டில்

அந்தக் கட்டிலைப் பார்த்தாலே பெர்னதெத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். படுத்துத் தூங்கினால் போதும், முதுகுத்தண்டில் அறுந்த நரம்பைத் தைத்துவிடும். மணாலியில் வீராங்கனைகள் விடுதியிலும் அறைக்கு ஒன்று போட்டுவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல், உட்கார்ந்தபடியே பனியில் சறுக்கிப் பாராலிம்பிக் பதக்கம் வாங்கியவள் அவள். கால் குணமானால் பந்தயத்தில் இடமில்லை. அதனால் ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் படுப்பாள்.

இன்று காலையில் பார்த்தால் ஒயர் மாட்டியிருந்தது.

“அம்மா, இதை யாரு மாட்டுனது?”

“நான்தாம்ட்டி. தூத்துக்குடியிலருந்து வந்த நாள்லருந்து நீ தூங்குனதும் மாட்டி, விடியுமுன்ன கழட்டுதேன். இன்னைக்கு அசந்துட்டேன். ஊரே எந்திரிச்சு நடக்கு, நீ மட்டும் இப்படியே கெடக்கணுமா?”

“நான் எங்கம்மா கெடக்கேன்? மலை மலையா ஏறிட்டிருக்கேன்! நாளைக்குப் பந்தயம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டா விடுவியா?”

அதற்கு மேல் பேசப் பொறுமையில்லை. சறுக்குப் பலகை பொருத்திய இருக்கையில் ஏறி, காலை வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். பனிக்காற்று உள்ளே அடித்தது.

“சும்மா நிக்காம இன்னொரு சாக்ஸ் எடும்மா, கால் குளிருது,” என்று எரிந்து விழுந்தாள்.

அம்மா சாக்ஸை எடுக்கவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அழத் தொடங்கினாள்.

தான் என்ன சொன்னோம் என்பது பெர்னதெத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இறுக்கிக் கட்டிய வார் காலில் வலித்தது.