குடும்பத்தில் யாருக்காவது

"குடும்பத்துல யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

மகன் சிரித்தான். பக்கத்து நாற்காலியைக் கையால் காட்டினான்.

"எங்கப்பாவைப் பாருங்க. எழுபத்தெட்டு வயசு. நானும் அம்மாவும் கார்ல வந்தோம். இவர் சைக்கிள்ல வந்து எங்களுக்கு முன்னாடி வாசல்ல நிக்கறாரு. அந்த உடம்புதானே எனக்கும்?"

டாக்டரம்மாவும் சிரித்தார்.

அன்றைக்கு அவர்கள் வந்தது அம்மாவின் சர்க்கரையைப் பார்க்கத்தான். அது முடிந்ததும், வந்தது வந்தோம் என்று மகனின் ரிப்போர்ட்டையும் எடுத்து நீட்டினாள் அம்மா. அவன் வேலை பார்க்கும் பஸ் கம்பெனியில் ஓட்டுநர்களுக்கு வருஷா வருஷம் எடுக்கும் பரிசோதனை.

கொழுப்பு கொஞ்சம் கூட. பிரஷரும் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. சிகரெட்டை விட்டுவிட்டதாக மகன் சொன்னான். அவன் சட்டைப்பை அப்படிச் சொல்லவில்லை.

"இப்ப ரெண்டுங்கெட்டான் நிலைமை" என்றார் டாக்டரம்மா. "சிகரெட்டை நிஜமாவே விடுங்க. தினமும் நடங்க. உப்பு, எண்ணெய் ரெண்டையும் குறைங்க. அப்பா இவ்வளவு திடமா இருக்கறதால இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அம்மா நிம்மதியாகப் பையை மூடப் போனாள். மகன் எழுந்துவிட்டான்.

பெரியவர் எழவில்லை. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். காரியம் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார்.

"அப்பனுக்குச் சின்ன வயசுலயே மாரடைப்பு வந்திருந்தா?" என்று கேட்டார்.

"அப்ப கதையே வேற. இன்னைக்கே மாத்திரை ஆரம்பிப்பேன். இன்னும் ரெண்டு டெஸ்ட் எடுக்கச் சொல்வேன். எதுக்குக் கேக்கறீங்க?"

பெரியவர் குனிந்து, பேன்ட் நுனியில் மாட்டியிருந்த சைக்கிள் கிளிப்பைக் கழற்றினார். திரும்பவும் அதே இடத்தில் மாட்டினார்.

"உக்காருடா" என்றார் மகனிடம்.

உட்கார்ந்தான்.

"என்னை வெச்சு இவனைக் கணக்குப் போடாதீங்கம்மா. இவனைப் பெத்தவன் நான் இல்லை. அவன் மாரடைப்புலதான் போனான். சின்ன வயசு."



அம்மாவின் கை பைமேலேயே நின்றுவிட்டது. கல்யாணமாகி நாற்பது வருஷம். இது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். அவருக்கும் தெரியும் என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்குத் தெரிந்தது.

மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். முகத்தில் முந்தைய சிரிப்பு பாதி அப்படியே தங்கிப்போயிருந்தது.

பெரியவரின் கை அவன் முழங்கால்மேல் இருந்தது. எப்போது வைத்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

டாக்டரம்மா வேறெதையும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"அவருக்கு அப்ப எத்தனை வயசு?"

பெரியவர் மனைவி பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. வீட்டுச் சாவி எங்கே என்று கேட்பதுபோலத்தான் இருந்தது.

"எனக்குச் சரியாத் தெரியாது. நீ சொல்லு."

அம்மா தரையைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். கடைசியில்தான் அவரைப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு" என்றாள்.