பாம்புக்காதுக்கு வந்த சோதனை

"இல்லாத சத்தம் உங்களுக்கு மட்டும் கேக்குதுன்னா நான் என்ன டீச்சர் பண்ணட்டும்?"

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டிக்குள் டொக்கென்று போட்டார். ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாக அந்தப் பழைய எஸ்யூவி கடை வாசலுக்கு வந்திருக்கிறது. நாலு கதவும் விரியத் திறந்து, உள்பக்க அட்டையெல்லாம் கழன்று, ஒயர் வெளியே தொங்க நிற்கிறது.

"இல்லாத சத்தம் இல்லண்ணா. கீ...ன்னு மெல்லிசா ஒண்ணு. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா அதுவும் கூடவே ஏறுது" என்றார் டீச்சர். "வகுப்புல நாப்பது பிள்ளைங்க கத்தறதைத் தாங்கறேன். இதைத் தாங்க முடியலையே!"

கேட்டீர்களா கதையை? கார் ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் மத்தியில் கடைக்காரருக்குப் பட்டப்பெயரே பாம்புக்காது. மீட்டர் கீட்டர் எதுவும் தொடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் கேட்டால் போதும், எந்தக் கதவில் எந்த ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். முப்பது வருஷமாகக் கடைக்கு ஆட்கள் தேடி வருவதே அந்தக் காதை நம்பித்தான். அவரிடம் வந்து இப்படிச் சொன்னால் மனுஷனுக்குக் கோபம் வருமா, வராதா?

இத்தனைக்கும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்ததே அவர்தான். வண்டியோடு வந்த பழைய ஸ்பீக்கர்கள் கிழிந்துபோய், யார் பாடினாலும் சளி பிடித்த குரலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பெரிய சைஸ்தான் வேண்டும் என்று நின்ற டீச்சரிடம், "கண்ணாடியை இறக்கினா ஸ்பீக்கரோட காந்தத்துல இடிக்கும்" என்று எடுத்துச் சொன்னார். கதவுக்குள் அடங்குகிற மாதிரி நாலு செட்டை மேஜையில் வரிசையாகப் பாடவிட்டார்.

மூன்று செட்டை "வாயில துணி அடைச்ச மாதிரி இருக்கு" என்று கடைக்காரரே தள்ளிவிட்டார். நாலாவதைக் கேட்டதும்தான் முகம் மலர்ந்தது. "கொஞ்சம் காதைக் குத்துதேண்ணா" என்று டீச்சர் இழுத்தார். "போகப் போகப் பழகிடும்" என்று மாட்டிக் கொடுத்துவிட்டார்.

பழகவில்லை. முதல் தடவை வந்தபோது பிளஸ், மைனஸ் எல்லாம் சரிபார்த்து அனுப்பினார். இரண்டாவது தடவை கதவு அதிர்கிறதோ என்று நாலிலும் ஸ்பாஞ்ச் ஒட்டினார். இன்றைக்கு அதே கம்பெனியில் புது செட்டே பிரித்து மாட்டிவிட்டார். இனி மாற்றவேண்டும் என்றால் வண்டியைத்தான் மாற்றவேண்டும்.

"எர்த் ஒயர்னு ஏதோ சொல்றாங்களே, அதைப் பாத்தீங்களா?"

"எர்த் சரியில்லேன்னா விசில் மாதிரி வரும் டீச்சர். வந்தா எனக்குக் கேக்காதா?"

டீச்சர் தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. மெயின் ரோட்டுக் கடையில ஒரு தடவை காட்டிடறேன்" என்றார்.

பாம்புக்காதுக்குச் சுருக்கென்றது. அவரால் கண்டுபிடிக்க முடியாத கோளாறு அடுத்த கடைக்குப் போயிற்று என்றால், பொழுது சாய்வதற்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் எவன் இந்தப் பக்கம் வருவான்? இந்தக் காதை விட்டால் அவருக்கு வேறென்ன தெரியும்?

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். கடைசியா ஒரு தடவை பாத்துடறேன்." குரல் கெஞ்சலாக வந்தது.

"சரிண்ணா. அப்புறம், உங்க போன் ரெண்டு தடவை அடிச்சு ஓஞ்சுது."

எதிரே டேஷ்போர்டு மேல்தான் போன் கிடந்தது. எடுத்துப் பார்த்தார். மனைவியின் அழைப்பு, இரண்டு தடவை. "சைலன்ட்ல கிடந்திருக்கும்" என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் டீச்சர். பாட்டை நிறுத்தி, வால்யூமை முழுசாக வைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்தார். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

என்ஜின் உறுமியது, அவ்வளவுதான். அதைத் தாண்டி ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

"இதோ! ஏறுது பாருங்க, ஏறுது!" என்றார் டீச்சர்.

அவர் கண்ணைத் திறந்து டீச்சரைப் பார்த்தார். வம்புக்குச் சொல்கிற முகமாகவும் தெரியவில்லை, அதுதான் கொடுமை. இன்னும் அழுத்தி மிதித்தார். காதைக் கதவோடு ஒட்டிவைத்துக் கேட்டார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்த கோபமெல்லாம் போய் இப்போது அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"சத்தியமா ஒண்ணுமே இல்ல டீச்சர். இல்லாததை நான் எங்கேருந்து சரி பண்றது? நீங்களே சொல்லுங்க."

டீச்சருக்கே பாவமாகிவிட்டது. "ஒருவேளை என் காதுலதான் ஏதோ கோளாறு போல. டாக்டர்கிட்ட காட்டறேண்ணா" என்று கைப்பையை எடுத்துக்கொண்டார்.

பாம்புக்காதுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. "அதைச் செய்ங்க டீச்சர். காது விஷயம், அலட்சியமா இருக்கக்கூடாது."

அந்த நேரம் பார்த்துக் கடைவாசலில் மனைவி வந்து நின்றாள். கையில் சாப்பாட்டுப் பை, முகத்தில் போனை எடுக்காத கோபம். மூன்று தடவை வண்டி வந்ததோ, உள்ளே நடந்த வாக்குவாதமோ அவளுக்கு ஒன்றும் தெரியாது.

நேராக வந்து, என்ஜின் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் திறந்த கதவு வழியாகத் தலையை உள்ளே நீட்டினாள். திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே பையைச் சீட்டில் போட்டுவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அய்யோ, இந்த விசில் சத்தத்துல எப்படிங்க உக்காந்திருக்கீங்க?"