கருவாட்டுத் தண்ணிக் கத்தரி

"கள்ளனக் கண்டுட்டன்!" என்று குசினிக்குள் ஓடினேன். "பக்கத்து வளவு மஜீட் காக்காதான். வேலிக்கு மேலால கையப் போட்டு நம்மட கத்தரியில என்னமோ செய்றாரு!"

றிஸ்லா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "அவர் அப்பிடியான ஆளில்ல" என்றாள்.

"நேத்துப் பாத்த பிஞ்ச இண்டைக்குக் காணல்ல. விடியச் சுபஹ் தொழுதுட்டு வந்த கையோட களவு! வெக்கமில்ல?"

அவள் துருவிய தேங்காயைப் பிழியத் தொடங்கினாள். என் மனைவி என்னைவிடப் பக்கத்து வீட்டை நம்புகிறாளே என்று எரிச்சல் வந்தது.

என் விவசாயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏறாவூரில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். மரக்கறி விலை ஏறியதும் யூடியூபில் நாலு வீடியோ பார்த்தேன். அத்தோடு விவசாயி ஆகிவிட்டேன். கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக் கத்தரி விதை போட்டேன். முளை வந்த அன்றிலிருந்து, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கருவாட்டோடு விவசாய ஆலோசனையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன்.

றிஸ்லாவின் தம்பி நௌஷாட்டுக்குப் பொறுக்கவில்லை.

"மச்சான், நீங்க கருவாடு காயப்போடத்தான் சரி. கத்தரி காய்க்கவெக்க ஒங்களால ஏலா" என்றான், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மொதல் காய் பள்ளிக்கு! என்ட கையால காய்க்காட்டி இந்தக் கடையில வாயே தொறக்க மாட்டன்!"

எங்கள் பக்கத்தில் வீட்டில் முதலில் காய்த்ததைப் பள்ளிவாசலுக்குக் கொடுப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். சபதம் போட்ட பிறகுதான் பயம் வந்தது. வாய் திறக்காமல் ஒருத்தன் கருவாடு விற்பது எப்படி?

மீன் கழுவிய தண்ணி செடிக்கு நல்லது என்று வீடியோவில் சொன்னார்கள். யோசித்தேன். மீன் கழுவிய தண்ணியே நல்லதென்றால், கருவாடு ஊறிய தண்ணி எவ்வளவு நல்லது! காய்ந்த மீனில் சத்தெல்லாம் இறுகியல்லவா இருக்கும்? பின்னேரம் பின்னேரம் வாளியோடு போய் ஊற்றினேன்.

ஒருநாள் மஜீட் காக்கா எட்டிப் பார்த்தார். வயதில் மூத்தவர், அண்ணன் முறையில் காக்கா என்போம்; ஓட்டோ ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார்.

"தம்பி, அதில உப்பிரிக்குமே?"

"காக்கா, நீங்க ஓட்டோவப் பாருங்க. கருவாட்டப் பத்தி எனக்குப் படிச்சுத் தரவேணாம். ஒருத்தர்ட ஒதவியும் வேணாம்."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். பொறாமை என்று முடிவு கட்டினேன்.

ஏனென்றால், பின்னேரம் சோர்ந்து கிடக்கும் செடிகள் காலையில் நிமிர்ந்து நின்றன. "பாத்தியா, கருவாட்டுச் சத்து!" என்பேன் றிஸ்லாவிடம். அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். பிறகு காயும் வந்தது. ஒரேயொரு குறை: விதைப் பக்கற்றின் படத்தில் இருந்தது நீட்டுக் கத்தரி, காய்த்ததோ உருண்டைக் கத்தரி. விதை விற்றவனைப் போய் ஏசிவிட்டு வந்தேன்.

இந்த நேரத்தில்தான் களவு. விடுவேனா? காக்கா கை போட்ட இடத்தில், இலைகளுக்குள் மறைத்து முள்ளுக்கம்பி சுற்றினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளி ஏலத்தில் வாழைக்குலையைப் போட்டி போட்டுக் கேட்டவர்கள், என் கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டியதும் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். காயில் ஒரு பக்கம் புழு ஓட்டை. யாரும் கேட்கவில்லை. நௌஷாட் சிரிப்பதற்கு வாயைத் திறந்துவிட்டான். எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது.

அப்போது பின்னால் ஒரு கை உயர்ந்தது.

மஜீட் காக்காவின் கை. உள்ளங்கையில் துணிக்கட்டு. வாழைக்குலை போன விலைக்கே கேட்டு வாங்கினார். நௌஷாட்டின் வாய் மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து கைகொட்டிச் சிரித்தேன். "றிஸ்லா, கள்ளன்ட கையையும் கிழிச்சி, காசு குடுத்தும் வாங்கவெச்சிட்டான் அல்லாஹ்!"

அவள் சிரிக்கவில்லை. என்னை வேலியடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "எட்டிப் பாருங்க."

பார்த்தேன். மஜீட் காக்காவின் வளவு மூலையில் வரிசையாகக் கறுப்புப் பைகள். ஒவ்வொன்றிலும் கருகிய கத்தரிக் கண்டு, மண்ணில் வெள்ளையாய் உப்பு. யாருடையவை என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. கருவாட்டு வாசம் சொன்னது.

அந்தப் பக்கம் நல்ல கத்தரிச் செடிகளும் நின்றன. எல்லாம் உருண்டைக் கத்தரி.

"நீங்க கொல்லக் கொல்ல, சுபஹுக்குப் பொறகு தன்ட பையொண்ட வெச்சிட்டு, பட்டுப்போனத எடுத்துட்டுப் போவாரு" என்றாள் றிஸ்லா. "'தம்பி ஊருக்கு முன்னால சொல்லிட்டாரு, தலகுனிஞ்சி நிக்கப்படாது. அவருக்குச் சொல்லிறாதீங்க' எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவரு. இண்டைக்கு அவர்ட காயத்தான் அவரே காசு குடுத்து வாங்கியிரிக்காரு."

அங்கிருந்து நழுவப் பார்த்தேன். அதற்குள் மஜீட் காக்கா வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"தம்பி, முள்ளுக்கம்பி அடிச்சது நல்ல வேல" என்றார், கட்டுப் போட்ட கையால் வியர்வையைத் துடைத்தபடி. "காய்க்கிற நேரம். கள்ளன்மாரு வருவானுகள்."

ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

'என்ட கையால காய்க்காட்டி' என்ற சபதம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.