உள்ளே இருக்கும் மேடம்

என் மனைவி தையற்காரி. கர்ப்பமான புதிதில் ஊசியில் நூல் நுழையாவிட்டால்கூட அழுதாள். பிறகு காரணமில்லாமல் சிரித்தாள். கடைசி மாதங்களில் பிரசவத்தை நினைத்துப் பயந்தாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டால், "நான் எங்க அழுறேன்? உள்ள மேடம்தான் அழுறாங்க" என்பாள். உடனே வயிற்றைத் தட்டி, "போதும் மேடம், அவரு பாவம்" என்பாள். அத்தனை பயத்திலும் என்னைத்தான் தேற்றினாள். அப்படியொரு தைரியத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

பிரசவத்தில் அவள் போய்விட்டாள். அந்தப் பேச்சை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று காலை, அந்தப் பிரசவத்தில் பிறந்த மகளுக்குப் பள்ளிச் சட்டையின் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென விம்மினாள்.

"ஏன்மா அழுற?"

"நான் எங்க அழுறேன்? உள்ள மேடம்தான் அழுறாங்க."

பிறகு தன் சின்ன வயிற்றை மெதுவாகத் தட்டினாள்.

"போதும் மேடம், அவரு பாவம்."