ஊசி ஏறிய கைகள்

போடியின் அக்குபஞ்சர் அறையில் மதிய வெயில் கட்டிலில் விழுகிறது. இரண்டு வருடமாகத் தீராத அசதியில் வாடும் பொன்னுமணியின் கைகால்களில் பத்து ஊசிகள் நிற்கின்றன. கதவை உதைத்துத் திறந்துகொண்டு அவள் புருஷன் வெள்ளைத்துரை வருகிறான். "ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு ஏறச் சொன்னா அசதி, இங்க வர மட்டும் தெம்பு இருக்காடி?" என்று முடியைப் பிடித்து இழுக்கிறான். ஊசிகள் வளைகின்றன, புறங்கையில் ரத்தம் கோடாக இறங்குகிறது. "விடுங்கண்ணே, ஊசி உள்ள ஒடிஞ்சிரும்!" என்று தடுக்கும் வைத்தியர் ஆஷிகாவைப் பிடித்துத் தள்ளுகிறான். அவள் நெற்றி அலமாரியில் மோதிப் பிளக்கிறது. அதைப் பார்த்ததும் பொன்னுமணி எழுகிறாள். அறை மூலையில் அடுப்பில் கொதிக்கும் சீன மூலிகைக் கசாயத்தைச் சட்டியோடு தூக்கி அவன் மார்பில் வீசுகிறாள். அவன் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறான். பொன்னுமணி மறுபடி கட்டிலில் சாய்கிறாள். "நெத்தியக் கட்டிட்டு, கதவச் சாத்திட்டு வா ஆத்தா. ஊசி எடுக்க இன்னும் பத்து நிமிசம் இருக்குல்ல?"